வைக்கல் போரா, கறையான் புற்றா? முதல் தடவை காளான் தேடப் போகிறவருக்கு

ஐப்பசி பிறந்து முதல் இடி முழங்கியதும் இலங்கையின் கிழக்கே எங்கள் கல்முனைப் பக்கத்தில் காளான் பேச்சு தொடங்கிவிடும். கடையில் பெட்டியில் வரும் சிப்பிக் காளானைத் தவிர வேறெதையும் தொட்டறியாத நான், மூன்று மாரிக்கு முன்னர்தான் முதன்முதலாகத் தேடிப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வீட்டுக்கு மேற்கே கரவாகு வட்டை என்ற வயல்வெளியில் கிடக்கும் வைக்கல் போர்களைச் சுற்றித் தேடுவது ஒன்று. வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், வெல்லாவெளிப் பக்கத்துப் பற்றைக்காட்டில் கறையான் புற்றுகளைத் தேடுவது மற்றது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். புதிதாகத் தொடங்குகிற ஒருவர் கேட்டால் புற்றைத்தான் சொல்வேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் வைக்கல் போர்தான் இலகு. எங்கள் ஊரான பாண்டிருப்பிலிருந்து வட்டைக்கு சைக்கிளில் போய்விடலாம். யானைப் பயம் குறைவு. போருக்குரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். சிறுபோகத்து வைக்கல் மழையில் ஊறி, உள்ளே சூடேறி, மட்கத் தொடங்கும்போது ஓரங்களில் வைக்கல் காளான் சாம்பல் நிறத்தில் சிறு முட்டை போல எழும்பும். இந்தக் காளானுக்கு 30 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை என்பதால் எங்கள் ஊர்க் காலநிலை அதற்கு நன்றாகவே பிடிக்கும். காலையில் முட்டையாக இருந்தது அடுத்த நாள் குடையாக விரிந்து நிற்கும். பறித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெட்டு நீர்விட்டுக் குழைந்துவிடும். அன்றே சமைத்துவிட வேண்டும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. வெட்டும் மெஷின் வந்தபிறகு வைக்கல் வயலிலேயே சிதறிக் கிடக்கிறது, பலர் எரித்தும் விடுகிறார்கள். போர் என்று அடுக்கி வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வரம்புக்கும் பயிருக்கும் அடித்த களைநாசினி, பூச்சிநாசினி அந்த வைக்கலிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம் வேறு. இவற்றையெல்லாம் சமாளிக்கலாம். சப்பாத்து போடலாம், மருந்தடிக்காத வயலைக் கேட்டறியலாம். என்னை வைக்கல் போரிலிருந்து திருப்பியது இவை எதுவும் இல்லை.

என்னைத் திருப்பியது அந்த முட்டைதான்.

வைக்கல் காளானை எல்லோரும் விரும்பிப் பறிப்பது விரியாத முட்டைப் பருவத்தில். சுவையும் அப்போதுதான். அந்தப் பருவத்தில் அது முழுவதும் ஓர் உறைக்குள் மூடிக் கிடக்கிறது. நெடுக்காகப் பிளந்து பார்த்தால் உள்ளே குடையின் மடிப்புகள் வெள்ளையாக இருக்கும். இளஞ்சிவப்பு நிறம் விரிந்த பிறகுதான் ஏறும். உயிர்கொல்லி நஞ்சுள்ள காளான்கள் பல அமானிட்டா என்ற இனத்தில் வருபவை. அவையும் இதேபோல உறைக்குள் முட்டையாகத்தான் எழும்புகின்றன. அவற்றின் மடிப்பும் வெள்ளை. ஆக, எந்தப் பருவத்தில் பறிக்க ஆசைப்படுகிறோமோ அந்தப் பருவத்திலேயே அடையாளம் மறைந்து கிடக்கிறது. தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள், தங்கள் ஊர் வைக்கல் காளான் என்று நம்பி மரணத் தொப்பி என்ற அமானிட்டாவைத் தின்று மாட்டிக்கொண்ட சம்பவங்கள் உண்டு. 2011 டிசம்பர் 31 இரவு அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அதே காளானைச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் இருவர் சில நாட்களில் இறந்துபோனார்கள். அவர்களும் வைக்கல் காளான் என்றே எண்ணியதாகச் சொல்லப்பட்டது. வைக்கல் காளானை அறிந்தவர்களே இப்படி ஏமாந்திருக்கிறார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரணத் தொப்பி ஐரோப்பியக் காளான், ஓக் போன்ற மரங்களின் வேரோடு சேர்ந்து வளர்வது. அமானிட்டா இனமே பெரும்பாலும் மரவேரை நம்பித்தான் இருக்கிறது, வைக்கலில் முளைப்பதில்லை. எனவே நடுவட்டையில், மரமே இல்லாத இடத்துப் போரில் ஆபத்து குறைவுதான். ஆனால் எங்கள் போர்கள் நடுவட்டையிலா நிற்கின்றன? வாடி ஓரத்து மர நிழலில், மாட்டுப்பட்டி பக்கத்தில் நிற்கின்றன. மரத்தடிக் காளான், சாணிக் காளான், மை போலக் கரைந்து ஒழுகும் காளான் எல்லாம் ஒரே பத்தடிக்குள் முளைக்கின்றன. முதல் மாரியில் நான் பறித்து வந்த பதினொரு முட்டையைப் பிளந்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். அதில் இரண்டின் உறை மற்றவற்றைவிட வெளிறியிருந்தது. அவை என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை. பதினொன்றையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

இனிப் புற்றுக்கு வருகிறேன். மனைவியின் ஊர் வெல்லாவெளிக்கு அங்கால். மாரியில் நேர்ப்பாதையிலுள்ள கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் போகும் என்பதால் களுவாஞ்சிகுடி போய், பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் போக வேண்டும். காளான் காலமும் அதுதான், பாதை அடைபடும் காலமும் அதுதான். மாமிக்கு அந்தப் பற்றைக்காடு உள்ளங்கை மாதிரி. முதல் நாள் ஒரு பாலை மரத்தடிப் புற்றின் சரிவில் நாலைந்து குடை நின்றதும் நான் குனிந்து ஒன்றைப் பிடுங்கப் போனேன். மாமி தடுத்துவிட்டார்.

"மருமகன், குடையப் பாக்காதீங்க. குடை எல்லாம் ஒண்டுபோலதான் இருக்கும். காலப் பாருங்க."

ஒரு கம்பும் தேங்காய்ச் சிரட்டையும்தான் ஆயுதம். ஒரே ஒரு காளானைத் தெரிந்தெடுத்து, அதன் காலைச் சுற்றி மண்ணை மெல்ல விலக்கினார். மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரம் நின்ற கால், மண்ணுக்குக் கீழே முடியவில்லை. கொஞ்சம் பருத்து, பிறகு மெலிந்து, வேர் மாதிரி இறங்கிக்கொண்டே போனது. வெளித்தோல் கறுத்திருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை நார். ஒரு முழம் போனபிறகு மண் உடைந்து ஓர் அறை தெரிந்தது. தேங்காய் அளவு இருக்கும். அதற்குள் கடற்பஞ்சு போல, மடிப்பு மடிப்பாக, மண்ணிறத்தில் ஓர் உருண்டை. அதன் மேலெல்லாம் ஊசிமுனைத் தலை அளவில் வெள்ளை மணிகள். கறையான்கள் கலைந்து ஓடின. காளானின் வேர் நேரே அந்த உருண்டைக்குள்ளிருந்து வந்தது.

"இதுதான் அதின்ர வீடு. வீட்டக் கண்டாத்தான் சாப்பிடலாம்," என்றார்.

மாமி காட்டியது வெறும் ஊர்ப் பழக்கம் இல்லை. இந்தக் கறையான்கள் சருகையும் மரத்தையும் மென்று கொண்டுவந்து அந்த உருண்டையைக் கட்டுகின்றன. அதில் வளரும் பூஞ்சணம் அதை மட்கச் செய்து கறையானுக்கு உணவாக்குகிறது. ஒன்றில்லாமல் மற்றது வாழாது. மழை வந்து மண் இளகும்போது அந்தப் பூஞ்சணம் வெளியே அனுப்பும் பழம்தான் நாம் பறிக்கும் காளான். 1847ல் மைல்ஸ் பெர்க்லி என்பவர் இவற்றில் ஒன்றுக்குப் பெயர் சூட்டியது இலங்கையிலிருந்து போன மாதிரிகளை வைத்துத்தான். அவர் இட்ட யூரைசஸ் என்ற பெயரே வேரைக் குறிப்பது. 1906ல் பேராதனையில் வேலை பார்த்த டொம் பெட்ச், இலங்கைக் கறையான் புற்றுகளிலுள்ள பூஞ்சணம் பற்றி விரிவாக எழுதினார். 1942ல் பிரான்சின் ரோஜே ஹைம் முழு இனத்துக்கும் டெர்மிட்டோமைசிஸ், அதாவது கறையான் பூஞ்சணம், என்று பெயர் வைத்தார்.

புதியவருக்குப் புற்று ஏன் நல்லது என்பதற்கு என் காரணம் இந்த வேர்தான். வைக்கல் காளானில் அடையாளம் முழுக்கக் காளானின் தோற்றத்தில்தான் இருக்கிறது, அதைப் படிக்கப் பழகிய கண் வேண்டும். புற்றுக் காளானில் பெரிய அடையாளம் காளானுக்கு வெளியே, மண்ணுக்குள் இருக்கிறது. பொறுமையும் சிரட்டையும் இருந்தால் போதும், அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் நீண்ட வேரைக் கண்டதுமே பெட்டிக்குள் போடக் கூடாது. வேர் விடும் வேறு காளான்களும் உண்டு. வேர் கறையான் கட்டிய உருண்டையில்தான் முடிய வேண்டும். காலின் அடியில் கிண்ணம் போன்ற உறையோ பையோ இருக்கவே கூடாது. குடையின் நடுவில் முள் போலக் கூரான குமிழ் இருக்க வேண்டும். குடையின் மடிப்புகளிலிருந்து உதிரும் வித்தித்தூள் இளஞ்சிவப்பாக விழ வேண்டும். நான்கும் பொருந்தினால்தான் சமைக்கிறேன். காலில் வளையம் உள்ள நல்ல புற்றுக்காளானும் இருக்கிறது, வேரே இல்லாமல் நூற்றுக்கணக்கில் பரந்து முளைக்கும் சின்ன வகையும் இருக்கிறது. முதல் வருடம் இரண்டையும் விட்டுவிடுங்கள். நான் இன்னும் அவற்றைத் தொடவில்லை.

வித்தித்தூள் எடுப்பது சிரமமில்லை. காலை வெட்டிவிட்டு, குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிளாசை மூடி இரவு முழுக்க வையுங்கள். அந்த முதல் நாள் இரவு நான் இரண்டு தாள் வைத்தேன். ஒன்றில் மாமி எடுத்துத் தந்தது. மற்றதில், வரும் வழியில் மைதானப் புல்லில் நின்ற பெரிய வெள்ளைக் குடை ஒன்று. பார்க்க அதுதான் அழகு, குடையில் மண்ணிறச் செதில், காலில் வளையம். விடிய எழும்பிப் பார்த்தால் மாமியின் தாளில் வாடிய தாமரை இதழின் நிறம், கோடு கோடாக. மற்றத் தாளில் காய்ந்த பாசியின் பச்சை. பச்சைத் தூள் விழுத்தும் அந்தப் புல்வெளிக் காளான் சூடான நாடுகள் எங்கும் ஆட்களை வாந்தி, வயிற்றோட்டத்தில் போடுகிற ஒன்று. தின்று ஒன்றிரண்டு மணித்தியாலத்திலேயே தொடங்கிவிடும். அது புற்றில் முளைப்பதில்லை, அதன் காலைத் தோண்டினால் நாலு விரலில் முடிந்துவிடும். கோயில் வீதியிலும் பள்ளிக்கூடப் புல்லிலும் நிற்பதைத் தொடவே வேண்டாம்.

புற்றுக்காளானின் இன்னொரு நன்மை, இடம் மாறாதது. புற்று உயிரோடு இருக்கும்வரை அடுத்த மாரியிலும் அதே சரிவில் எதிர்பார்க்கலாம். நான் பார்த்த மூன்று மாரியிலும் அந்தப் பாலை மரத்தடி ஏமாற்றவில்லை. அதனால்தான் அலவாங்கு போட்டுப் புற்றைக் கிண்டக் கூடாது. அடையாளத்துக்கு ஒன்றை மட்டும் தோண்டிவிட்டு மண்ணைத் திரும்ப மூடுங்கள், மற்றவற்றை மண்மட்டத்தில் வெட்டுங்கள். இந்தக் காளானை வயலிலோ கொட்டிலிலோ வளர்த்து விற்க வழியில்லை. வைக்கல் காளானை வளர்க்கலாம். காட்டுக்குப் போகும் பாட்டுக்கு, வளர்க்க முடியாததைத் தேடிப் போவதுதான் எனக்குப் பெறுமதியாகப் படுகிறது.

மரத்தில் முளைப்பது மூன்றாவது வழி. அதில் எனக்குக் கை பழகவில்லை, மழையில் மட்கிய மரத்தில் காது போல எழும்பும் ஒன்றை மட்டும் மாமி சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

புற்றின் பக்கத்து ஆபத்துகளை மறைக்க மாட்டேன். முதலாவது யானை. வெயில் ஏறிய பிறகுதான் போகிறோம், இரண்டு பேருக்குக் குறையாமல். யானை வேலிக்கு அப்பால் கால் வைப்பதில்லை. பத்து மணி தாண்டினால் விரிந்த குடையில் புழு விழுந்துவிடும் என்பதால் உண்மையில் கிடைப்பது இரண்டு, மூன்று மணித்தியாலம்தான். இரண்டாவது பாம்பு. புற்றுக்குள் நாகம் இருக்கலாம், சருகுக்குள் புடையன் இருக்கலாம். கம்பால் தட்டாமல் கையை விடக் கூடாது. சில புற்றுகள் நாகதம்பிரானுக்கு மஞ்சள் பூசி விளக்கு வைத்தவை. அங்கே எவ்வளவு முளைத்தாலும் மாமி கும்பிட்டுவிட்டு விலகிப் போவார், நானும் அப்படியே. மூன்றாவது சட்டம். கல்லோயா, குமண போன்ற தேசியப் பூங்காக்களுக்குள்ளிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. வன இலாகாவின் ஒதுக்குக் காட்டிலும் கேட்காமல் நுழையாதீர்கள். சொந்தக் காணி, உறவினர் காணி, ஊரவர் புழங்கும் மேட்டுநிலம் போதும்.

வீடுகளில் சொல்லப்படும் சோதனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் போட்டால் நஞ்சு முறியும், வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி தின்றதை ஆளும் தின்னலாம் என்பவை எல்லாமே பிழை. அமானிட்டா நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது. அது ஆறு மணித்தியாலத்துக்கும் பிந்தித்தான் வயிற்றைப் பிடிக்கும், சிலருக்கு ஒரு நாள்வரை எடுக்கும். நடுவில் சுகமானது போலக் காட்டி, பிறகு ஈரலைத் தாக்கும். ஆகவே எந்தக் காளானைச் சமைத்தாலும் ஒன்றைச் சமைக்காமல் தாளில் சுற்றி எடுத்து வையுங்கள். யாருக்காவது வாந்தி என்றால் 1990 அம்புலன்சை அழைத்து, அந்த ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் போன் செயலியை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள்.

படுவான்கரைக்குப் போக வழியில்லாதவர்கள், கூட்டிப்போக மாமி போல ஓர் ஆள் இல்லாதவர்கள், வைக்கல் போரைத்தான் தேட வேண்டியிருந்தால், முட்டையை விட்டுவிட்டு விரிந்ததை மட்டும் எடுங்கள். மடிப்பு சிவந்திருக்கிறதா, கால் வைக்கலிலிருந்து எழும்புகிறதா, மண்ணிலிருந்தா என்று பாருங்கள். வித்தித்தூளும் எடுங்கள். சுவை குறையும், விரிந்தது கொஞ்சம் நாராக இருக்கும். சின்னதாக நறுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு வதக்கி, மிளகுத்தூள் தூவி, கட்டித் தேங்காய்ப்பாலை இறக்கும்போது விட்டால் அந்த நார் அவ்வளவாகத் தெரியாது.