தாராவியா, சொந்தக் கிராமமா: முதல் களப்பணிக்கு எந்த இடம்?

மானுடவியல் முதுகலையில் களப்பணித் திட்டம் ஒன்றை நாமே வகுத்து நடத்த வேண்டும் என்ற கட்டம் வந்தபோது, மும்பையில் வளர்ந்த தமிழ் மாணவர்களான எங்களில் பலர் இரண்டு வழிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். திருநெல்வேலிப் பக்கம் உள்ள சொந்தக் கிராமத்தில் சில மாதங்கள் தங்கி ஆய்வது ஒன்று. செம்பூர் வீட்டிலிருந்தபடியே தாராவிக்குத் திரும்பத் திரும்பப் போய்வருவது மற்றொன்று. தாராவியின் தமிழ் வீடுகளில் இட்லி அவித்து, சைக்கிளில் ஏற்றி நகரெங்கும் விற்கும் தொழிலுக்கு ஆட்கள் எப்படி வந்து சேர்கிறார்கள், ஊர் உறவு அதில் எந்த அளவுக்குப் புகுந்து வேலை செய்கிறது என்பதே என் கேள்வி. அதை இரு முனையிலிருந்தும் ஆராயலாம். நான் தாராவியைத் தேர்ந்தேன், இன்னும் அதன் பக்கமே சாய்ந்திருக்கிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பக்கத்து இடம் மலிவு. மொழியும் இரண்டிடத்திலும் நம்முடையதே, தாராவியில் கொஞ்சம் இந்தியும் மராத்தியும் கலந்து வரும், அவ்வளவுதான்.

கிராமத்தில் தங்கும் முறைக்குப் பாரம்பரியத்தின் பலம் உண்டு. மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரையிலான காலத்தில் பசிபிக்கில் உள்ள ட்ரோப்ரியண்ட் தீவுகளில் இரு முறை நெடிது தங்கி ஆய்ந்த பிறகு, ஒரே இடத்தில் நீண்டகாலம் வாழ்வதே களப்பணியின் அளவுகோல் என்றாகிவிட்டது. ஆனால் கிராமத்தில் எந்தத் தெருவில் தங்குகிறோம் என்பது யாரோடு பேச முடியும் என்பதைப் பெரிதும் முடிவுசெய்துவிடுகிறது. தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் 1961-62இல் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கியவர். அங்கே தங்கியதால் சேரிக்குள் இயல்பாகப் போய்வருவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த அவருக்கே இந்த நிலை என்றால், இன்னாருடைய பேரன் என்று ஊரே அறிந்த ஒருவருக்கு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது போய் இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டிருக்கும். தாராவியிலும் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துச் சாதியைக் கணித்துவிடுகிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அங்கே நான் எவர் வீட்டிலும் குடியிருப்பவன் அல்லன்.

இவையெல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது களக்குறிப்புகளின் பராமரிப்பு. களத்தில் நின்றபடி சிறு நோட்டில் கிறுக்கும் நான்கைந்து சொற்கள் குறிப்பு ஆகா. அன்றிரவே உட்கார்ந்து, யார் எங்கே இருந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், எந்தக் கேள்விக்குப் பேச்சை மாற்றினார்கள் என்று முழு வாக்கியங்களில் விரித்து எழுதினால்தான் அது தரவாகும். பார்த்த நேரத்துக்குக் குறையாத நேரம் எழுதவும் பிடிக்கும். ஒலிப்பதிவு இருந்தால் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது போய்விடும். கிராமத்தில் விருந்தாளியாக இருப்பவரை விடியற்காலை முதல் இரவு வரை யாராவது பேச்சுக்கு இழுத்துக்கொண்டே இருப்பார்கள், தனியே கதவைச் சாத்திக்கொண்டு எழுதினால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகும். தாராவியிலோ, விற்கப் போனவர்கள் திரும்பி, மாலையில் மாவு அரைக்கத் தொடங்கும் முன் ஓய்ந்திருக்கும் பிற்பகல் வேளைதான் பேச்சுக்கு ஏற்றது. இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, மேசையில் அமர்ந்து எழுதிவிடலாம்.

எழுதியதைத் திரும்பப் படிக்க அடுத்த பயணத்துக்கு முன் கிடைக்கும் இடைவெளி அதைவிடப் பெரிய லாபம். மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 முதல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு நடந்த இடம் தாராவி. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்குச் சான்று வைத்திருப்பவருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. நோட்டும் கையுமாக ஒருவர் வந்து "எந்த வருஷம் மும்பைக்கு வந்தீங்க?" என்றால் பதில் நினைவிலிருந்து வராது, ரேஷன் கார்டிலிருந்து வரும். ஒரே குடும்பம் வெவ்வேறு நாள்களில் சொன்ன ஆண்டுகள் பொருந்தாமல் இருந்தது குறிப்புகளை அடுக்கிப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. அதன் பிறகு ஆண்டைக் கேட்பதை விட்டுவிட்டு, 1992-93 கலவரத்துக்கு முன்னா பின்னா, 2005 ஜூலை 26 பெருமழையின்போது மாவு எங்கே அரைத்தீர்கள் என்று நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்கும்படி கேள்விப்பட்டியலை மாற்றினேன். யார் யாரை அழைத்து வந்தார்கள் என்ற வரிசை அப்போதுதான் துலங்கியது. ஆய்வுத் திட்டம் நெறியாளர் கையொப்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. களத்துக்கு நடுவே அதைத் திருத்த இடமிருக்க வேண்டும், போய்வரும் முறையில் அந்த இடம் தானாகவே அமைந்துவிடுகிறது.

குறிப்புகளைப் பற்றிப் பேசும்போது சமூகவியலாளர் எம். என். சீனிவாசைச் சொல்லாமல் விட முடியாது. மைசூருக்கு அருகில் 1948இல் அவர் செய்த கிராம ஆய்வின் தொகுத்த குறிப்புகள், மூன்று படிகளும், 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் விஷமிகள் வைத்த தீயில் அழிந்தன. பிறகு அவர் பெரும்பாலும் நினைவைக் கொண்டே நூல் எழுதினார். அந்த நினைவு அவருக்கு இருந்தது. நாம் மூன்று படிகளையும் மூன்று இடங்களில் வைப்பதே நல்லது.

தாராவி முறையில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. இட்லி அவிப்பது விடியலுக்கு முன். அந்த நேரத்தை நான் சில இரவுகள் மட்டுமே உடனிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் நடக்கும் பணச் சண்டைகள், கடன் கணக்குகள் போன்றவை உடன் வாழ்பவருக்கே தெரியவரும். தமிழனாக இருப்பதும் சில நேரம் இடைஞ்சல்: "இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா தம்பி?" என்று அக்காமார் விளக்கத்தை நிறுத்திவிடுவார்கள். கிராமத்தில் நெடுங்காலம் தங்கிய அனுபவம் எனக்கு இல்லை, எனவே அங்கே குறிப்பெழுதுவது பற்றி நான் சொன்னதில் ஒரு பகுதி அப்படித் தங்கிய நண்பர்களிடம் கேட்டது. கேள்வி வேளாண்மையைப் பற்றியதாக இருந்தால் போய்வரும் முறை உதவாது. விதைப்பு முதல் அறுவடை வரை அங்கேயே இருக்க வேண்டும்.

பல களங்களில் ஒரே பொருளைத் தொடரும் முறையை மானுடவியலாளர் ஜார்ஜ் மார்கஸ் 1995இல் வலியுறுத்தினார். முதல் திட்டத்துக்கு அது பெரிய சுமை என்றே நினைக்கிறேன். ஆனால் தாராவிக் குடும்பம் ஒன்று கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் புறப்படும்போது நம்மையும் அழைத்தால், ஒரு வாரம் உடன் போய்வருவது நல்லது. மும்பையில் வேலை கொடுப்பவரும் வேலை பார்ப்பவரும் ஊர்க் கொடையில் யார் வரி எவ்வளவு, யாருக்கு முதல் மரியாதை என்ற பேச்சில் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் தாராவியில் இருந்துகொண்டு பார்க்க முடியாது.