பணம் தாயின் கையிலா, மையத்தின் கணக்கிலா?
அமெரிக்காவில் 1996-இல் வந்த டானஃப் எனும் ஏழைக் குடும்ப நிதி, ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர். மாநிலங்கள் அதை ரொக்கமாகக் கொடுக்கலாம். சட்டத்தில் உள்ள 'திருமணத்துக்கு வெளியே கர்ப்பத்தைக் குறைத்தல்' என்ற வரியைக் காட்டி, கருக்கலைப்பை எதிர்க்கும் கர்ப்ப உதவி மையங்களுக்கும் சில மாநிலங்கள் திருப்பிவிடுகின்றன.

ரொக்கம் என்றால், பென்சில்வேனியாவின் பெரும்பாலான இடங்களில் மூவர் குடும்பத்துக்கு மாதம் 403 டாலர். 1990 முதல் ஏறவில்லை. வாடகைக்கே காணாது. ஆனால் டயபரா, பஸ் கட்டணமா என்பதைத் தாயே முடிவு செய்வாள்.

மையத்தில் இலவசப் பரிசோதனை, சில இடங்களில் ஸ்கேன், தொட்டில், குழந்தைத் துணி. பல மையங்களில் வகுப்பில் உட்கார்ந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால்தான் டயபர். (நனைந்த குழந்தைக்குப் புள்ளிக்கணக்கு தெரியுமா?) தனித்து நிற்பவளிடம் ஆறுதலாகப் பேச ஆள் உண்டு, ரொக்கத்தில் அது கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல மையங்கள் உரிமம் பெற்ற மருத்துவமனைகள் அல்ல; கருக்கலைப்புக்கு வழிகாட்டவும் மாட்டார்கள்.

என் ஓட்டு ரொக்கத்துக்கே. பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷாபிரோ இந்த மையங்களுக்குப் பணம் தந்த மாநில ஒப்பந்தத்தை 2023 முடிவோடு நிறுத்தினார். அதே ஆண்டு டெக்சாஸோ இத்தகைய மையங்களுக்கும் பணம் தரும் திட்டத்துக்கு, இரண்டு ஆண்டுக்கு 14 கோடி டாலர் ஒதுக்கியது.