5ஜி ஆட்டோவா, எல்டிஇ ஒன்லியா: போனை எந்த மோடில் விடலாம்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் போனில் நெட் சுத்திக்கொண்டே இருந்தது. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குள் 4ஜி ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும். திடீரென்று அது போய், 2ஜியைக் குறிக்கும் 'ஈ' என்ற எழுத்து வந்து நிற்கும். வாட்சப்பில் வந்த படம் பாதியிலேயே நின்றுவிடும். டயல் பேடில் மறைவுக் குறியீட்டை அடித்து உள்ளே போய், 'எல்டிஇ ஒன்லி', அதாவது 4ஜி மட்டும், என்று வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு 4ஜி அசையவே இல்லை. பேத்தியின் வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது. அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை.

சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் வாட்சப்பில் அம்மாவின் குரல் வந்தது. "ஏலே, மூணு நாளா ஒருத்தரும் போன் போடலியே. சித்தி கூடப் பேசல. எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?"

சித்தி தினமும் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்றுதான் கேட்டிருக்கிறது. தனியாக இருக்கும் 68 வயது அம்மாவின் போனை மூன்று நாள் ஊமையாக்கி வைத்திருந்தது நான்தான். வாட்சப் ஓடிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதிலிருந்து எந்த மோடைப் பற்றிக் கேட்டாலும் வேகத்தை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். கூப்பிட்டால் போன் அடிக்குமா என்பது முதல் கேள்வி. நெட் நின்று நிதானமாக ஓடுமா என்பது இரண்டாவது. வேகம் அதற்கும் பிறகுதான். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், யூடியூபில் 'இந்த ஒரு செட்டிங் போதும்' என்று சொல்லப்படும் பல யோசனைகள் தலைகீழாகிவிடும்.

மெனுவில் இருப்பவை

சாம்சங் போனில் கனெக்ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க் மோடு என்று போக வேண்டும். பிக்சல் போன்ற போன்களில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், சிம்ஸ், அதற்குள் பிரிஃபர்டு நெட்வொர்க் டைப். மற்ற கம்பெனிப் போன்களில் பெயர் கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான். அங்கே பொதுவாக 5ஜி ஆட்டோ, எல்டிஇ ஆட்டோ, 3ஜி அல்லது 2ஜி என்று இருக்கும்.

இந்த மெனுவில் இருப்பவை ஒவ்வொன்றும் ஒரு உச்சவரம்புதான். 'எல்டிஇ ஆட்டோ' என்று வைத்தால் போன் 4ஜிக்கு மேலே ஏறாது. ஆனால் தேவைப்பட்டால் கீழே இறங்கும். குறியீடு போட்டுத் திறக்கும் 'எல்டிஇ ஒன்லி' மேலேயும் கீழேயும் பூட்டு போட்டுவிடும். ஒரே மாதிரிப் பெயர்தான், ஆனால் அந்தக் கீழ்ப்பூட்டில்தான் அம்மாவின் அழைப்புகள் மாட்டிக்கொண்டன.

4ஜி முதலில் டேட்டாவுக்காகவே கட்டப்பட்டது. பழைய முறையில் குரலுக்கென்று தனி வழி உண்டு. 4ஜியில் அது கிடையாது. குரலையும் டேட்டாவாகவே அனுப்பும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் வோல்ட்டி. சிம்மிலும் போனிலும் வோல்ட்டி இயங்கினால் 4ஜியில் இருந்தபடியே பேசலாம். இயங்காவிட்டால் அழைப்பு வரும் நேரத்தில் போன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறும். 'எல்டிஇ ஒன்லி' அந்த இறங்கும் படியை எடுத்துவிடுகிறது. அம்மாவின் சிம்மில் வோல்ட்டி பதிவாகவே இல்லை. இறங்க வழியும் இல்லை.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். வைஃபையை அணைத்துவிட்டு, எல்டிஇ ஆட்டோவில் வைத்து, வேறொரு போனிலிருந்து கூப்பிட்டு, எடுத்துப் பேசிக்கொண்டே மேலே உள்ள எழுத்தைப் பாருங்கள். பேசும்போதும் 4ஜி என்றே நின்றால் வோல்ட்டி இருக்கிறது. 'ஈ' (2ஜி) அல்லது 'எச்' (3ஜி) என்று மாறினால் இல்லை. மாறும் போனில் 'எல்டிஇ ஒன்லி' வைக்கவே கூடாது.

5ஜி ஆட்டோவும் எல்டிஇ ஆட்டோவும்

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஜியோவும் ஏர்டெல்லும் தொடக்கத்திலேயே இரண்டு வேறு வழிகளைப் பிடித்தன. ஜியோ கட்டியது தனித்து நிற்கும் 5ஜி, அதாவது எஸ்ஏ. அதன் மூளையும் 5ஜி, கையும் 5ஜி. ஏர்டெல் தொடங்கியது என்எஸ்ஏ முறையில். அங்கே போன் முதலில் 4ஜி டவரைப் பிடித்துக்கொள்ளும். பெரிய டேட்டா தேவைப்படும்போது மட்டும் 5ஜி அலைவரிசையும் சேர்ந்துகொள்ளும். 4ஜி தோளில் ஏறி நிற்கும் 5ஜி என்று சொல்லலாம்.

இந்த வித்தியாசம் தெரிந்தால் அன்றாடக் குழப்பங்கள் பல விலகும். என்எஸ்ஏவில் மேலே 5ஜி என்று காட்டினாலும் அந்த நொடியில் உங்கள் டேட்டா 4ஜியில் போய்க்கொண்டிருக்கலாம். பக்கத்தில் 5ஜி இருக்கிறது என்று டவர் சொன்னாலே சில போன்கள் அந்த எழுத்தைப் போட்டுவிடும். 5ஜி ஓடும் நேரத்தில் இரண்டு ரேடியோவும் சேர்ந்து வேலை செய்யும். அதனால் சிக்னல் ஊசலாடும் இடத்தில் போன் கையில் சூடாகும், சார்ஜும் வேகமாக இறங்கும்.

அலைவரிசை இன்னொரு விஷயம். நம் ஊரில் 5ஜியின் வேகம் பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையிலிருந்து வருகிறது. வெட்டவெளியில் அது பறக்கும். கான்கிரீட் சுவருக்குள் நுழையத்தான் திணறும். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை ஜியோ மட்டுமே வாங்கியது. அது மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டி உள்ளே வரும். அடுக்குமாடியின் உள்ளறையில் ஒருவர் போனில் 5ஜி நிற்பதும் இன்னொருவர் போனில் மறைவதும் இதனாலும் நடக்கும். போன் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் போய் ஒருமுறை பார்ப்பது நல்லது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த இடத்தில் 5ஜி உறுதியாக நிற்கும் வீடோ அலுவலகமோ என்றால் 5ஜி ஆட்டோவைத் தொட வேண்டாம். எழுத்து நிமிடத்துக்கு நிமிடம் 5ஜி, 4ஜி என்று மாறுகிற இடத்தில் எல்டிஇ ஆட்டோதான் நல்லது. ரயிலில் எனக்கு எப்போதும் எல்டிஇ ஆட்டோதான். வைகை எக்ஸ்பிரஸில் மணப்பாறை தாண்டும்போது அலுவலகக் கூட்டத்தில் பேசியாக வேண்டியிருந்தது. 5ஜியில் இரண்டு முறை அறுந்த குரல், மாற்றிய பிறகு திருச்சி வரை அறுபடவில்லை. ஓடும் வண்டியில் டவர் விட்டு டவர் தாவுவதே ஒரு வேலை. அதோடு தலைமுறை விட்டுத் தலைமுறையும் தாவச் சொல்வது போனுக்குப் பாரம்தான்.

டேட்டா கணக்கு

எல்டிஇக்கு மாறுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது ஜியோவும் ஏர்டெல்லும் அன்லிமிடெட் 5ஜியை, நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பிளான்களுக்கென்று சுருக்கின. அப்படி ஒரு பிளான் உங்களிடம் இருந்தால், 5ஜியில் பார்க்கும் படம் அந்த 2 ஜிபியில் கழியாது. 4ஜியில் பார்த்தால் கழியும். எல்டிஇ ஆட்டோவில் வைத்துவிட்டு மறந்தால் மாலைக்குள் 'உங்கள் டேட்டா தீர்ந்தது' என்று குறுஞ்செய்தி வரும். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போய் டேட்டாவைக் கோட்டைவிட வேண்டாம்.

இதற்காகவே சிலர் குறியீட்டு மெனுவில் 'என்ஆர் ஒன்லி' வைக்கிறார்கள். என்ஆர் என்றால் 5ஜி ரேடியோ. 4ஜிக்கே இறங்காது, எனவே நாள் அளவு கழியாது. ஜியோவின் எஸ்ஏ வலையில், நல்ல சிக்னல் உள்ள அறையில், இது வேலை செய்யும். என்எஸ்ஏ மட்டுமே உள்ள இடத்தில் வைத்தால் சிக்னலே போய்விடும். தோளை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர் எங்கே நிற்பார்? எஸ்ஏவிலும் 5ஜி வழியாகவே குரல் போகும் வசதி அந்த போனில் இயங்க வேண்டும். இல்லையென்றால் அழைப்புக்காக 4ஜிக்கு இறங்க வேண்டியிருக்கும், அந்த வழி இப்போது அடைபட்டிருக்கும். அம்மாவின் கதையேதான், ஒரு படி மேலே. ராத்திரி பெரிய ஃபைல் இறக்கும் ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறியீடா, ஆப்பா, ஏரோப்ளேன் மோடா

குறியீடு *#*#4636#*#*. அடித்து முடித்ததுமே தானாகத் திறக்கும், அழைப்பு பட்டனை அழுத்த வேண்டியதில்லை. 'போன் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தில் மோடு மாற்றும் பட்டியல் இருக்கும். சாம்சங்கின் பல மாடல்களில் இதை அடித்தால் ஒன்றும் நடக்காது. பிளே ஸ்டோரில் கிடைக்கும் 'ஃபோர்ஸ் எல்டிஇ' வகை ஆப்கள் பெரும்பாலும் இதே பக்கத்தைத் திறந்து காட்டுகின்றன, விளம்பரத்தோடு. புது சக்தி எதுவும் அவற்றுக்குக் கிடையாது. குறியீடு திறக்கும் போனில் ஆப் தேவையில்லை.

எனக்கு அந்தப் பக்கம் மோடு மாற்றுவதற்காகப் பிடிக்கவில்லை, பார்ப்பதற்காகப் பிடிக்கிறது. சிக்னல் எத்தனை டிபிஎம் என்று அங்கே எண்ணாகக் காட்டும். 4ஜியில் -85ஐ ஒட்டி இருந்தால் அருமை, -100 என்றால் சமாளிக்கலாம், -115க்குப் போனால் எந்த மோடு வைத்தாலும் நெட் சுத்தும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சின்னதாக இருப்பதே நல்லது. அம்மா வீட்டில் சமையலறையில் -117, திண்ணையில் -98. போனை எங்கே வைக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிட்டன. அதே பக்கத்தில் ஐஎம்எஸ் நிலை என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் வோல்ட்டி பதிவாகியிருக்கிறதா என்பதும் தெரியும். அன்று நான் மாற்றுவதற்கு முன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மோடையே தொடாமல் ஏரோப்ளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுப்பது இன்னொரு வழி. போன் புதிதாக டவர் தேடிப் பதிவாகும். தூரத்து டவரையோ 2ஜியையோ பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் இதிலேயே சரியாகிவிடும். எதையும் மாற்றாததால் எதுவும் கெடாது. வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2ஜியை அணைக்கலாமா?

2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், ஆதரவுள்ள போன்களில் 2ஜியை மட்டும் அணைக்கும் பட்டன் உண்டு. காரணம் பாதுகாப்பு. 2ஜியில் டவர்தான் போனைச் சோதிக்கும், டவர் உண்மையானதா என்று போன் திருப்பிச் சோதிக்காது. இந்த ஓட்டையில்தான் போலி டவர்க் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சுற்றியிருக்கும் போன்களை 2ஜிக்கு இழுத்து, வங்கியிலிருந்து வருவதுபோல் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். 2024இல் லண்டனிலும் பாங்காக்கிலும் இப்படிக் கைதுகள் நடந்தன. அணைத்தாலும் அவசர அழைப்புக்கு 2ஜி திறந்தே இருக்கும் என்பது ஆறுதல்.

வோல்ட்டி நன்றாக இயங்கும் நகரத்து போனில் அணைத்துவிடலாம், நான் அணைத்திருக்கிறேன். ஜியோ 2016இல் தொடங்கியதே 4ஜியோடு மட்டும்தான், 2ஜியும் 3ஜியும் அதனிடம் கிடையாது. எனவே ஜியோ சிம்மில் இழப்பு ஒன்றுமில்லை. அதே காரணத்தால் ஜியோ சிம்மில் '3ஜி அல்லது 2ஜி' என்று தவறுதலாக வைத்துவிட்டால் போனில் சிக்னலே வராது. ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை வைத்திருக்கிறது. அங்கே வோல்ட்டி இல்லாத பழைய போனுக்குக் குரல் போகும் ஒரே வழி 2ஜிதான். வால்பாறை மாதிரி மலையிலும், வோல்ட்டி சந்தேகமான கிராமத்திலும் அந்தப் பட்டனைத் தொட மாட்டேன்.

பிஎஸ்என்எல் 4ஜிக்கு மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது. இந்த 700 பட்டைக்கான பேண்ட் 28 இல்லாத பழைய போனில் எந்த மோடை மாற்றினாலும் அந்தச் சிக்னல் பிடிக்காது. மோடோடு மல்லுக்கட்டுவதற்கு முன் போனில் அந்தப் பேண்ட் உண்டா என்று பாருங்கள்.

அம்மாவின் போனை அடுத்த வாரமே ஊருக்குப் போய் எல்டிஇ ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டேன். திண்ணைச் சுவரில் ஒரு சின்னப் பலகை அடித்து, பக்கத்தில் சார்ஜருக்கு பிளக் பாயிண்ட் போட்டாயிற்று. போன் அங்கேதான் இருக்கும். படம் வருவதற்கு இப்போதும் கொஞ்சம் நேரம் ஆகிறது. சாயந்திரம் ஆறரைக்குச் சித்தி கூப்பிட்டால் அடுக்களை வரைக்கும் மணி கேட்கிறது.