தனி வீடா, ஃப்ளாட்டா? புதுச்சேரியில் வீடு தேடுபவர்களுக்கு

மண்: தனி வீட்டில் மனை முழுக்க உங்கள் பெயரில். ஃப்ளாட்டில் மற்ற வீட்டுக்காரர்களோடு சேர்ந்த மனையில் பிரிக்கப்படாத பங்கு மட்டும். எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள்.

செலவு: ஃப்ளாட்டில் மாதாமாதம் மெயின்டனன்ஸ். தனி வீட்டில் மோட்டார் கெட்டால் நீங்கள்தான் ஓட வேண்டும்.

உப்புக்காற்று: ரெண்டையும் விடாது. எங்கள் மாடி கிரில்லைத் தொட்டால் துரு விரலில் ஒட்டும்.

மழை: இதுதான் முக்கியம். 2024 நவம்பர் 30 கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி ரெயின்போ நகரைத் தண்ணீர் சூழ்ந்தது. தனி வீடு என்றால் தெருமட்டத்தைவிட பேஸ்மென்ட் எவ்வளவு உயரம் என்று அளந்துவிட்டு, அப்புறம் டைல்ஸைப் பாருங்கள். மாடி ஃப்ளாட்டில் வண்டி நனையும், கட்டில் நனையாது.

முழங்கால் வலியுள்ள பெற்றோர், கொல்லையில் முருங்கை வைக்க ஆசை என்றால் மேட்டுப் பகுதியில் தனி வீடு. அடிக்கடி பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு ஃப்ளாட்.