ஒரே குறைபாட்டுல ஸ்பெஷலைசேஷனா, இன்க்ளூசிவ் எஜுகேஷன் மாஸ்டர்ஸா?

சிறப்புக் கல்வியில பிஜி பண்ணலாம்னு இறங்குறவங்க கடைசியில இந்த ரெண்டுல தான் வந்து நிக்கிறாங்க. ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடுன்னு ஏதோ ஒண்ணை எடுத்து ஆழமா போறது ஒரு வழி, எல்லாருக்குமான வகுப்பறையை எப்படி உருவாக்குறதுன்னு பொதுவா படிக்கிறது இன்னொரு வழி. பிரோஷர்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும், ஆனா உள்ள போனா வேற வேற படிப்பு.

ஸ்பெஷலைசேஷன்ல கைக்கு வேலை ஜாஸ்தி. பார்வைக் குறைபாடு எடுத்தா பிரெய்ல் எழுத்து தெரிஞ்சா மட்டும் போதாது, கணக்குக்கு நெமத் மாதிரி தனி குறியீடு இருக்கு, அபாகஸ் இருக்கு, கைத்தடி வச்சு தனியா நடக்கப் பழக்குறது இருக்கு. செவித்திறன்னா சைகை மொழி, அது வெறும் கையசைவு இல்ல, தனி இலக்கணம் உள்ள முழு மொழின்னு 1960லயே வில்லியம் ஸ்டோக்கோங்கிற அமெரிக்க மொழியியலாளர் எழுதிக் காட்டிட்டார், ஒரு மொழியை ஒரு செமஸ்டர்ல யாராலயும் முழுசா கத்துக்க முடியாது. ஆட்டிசத்துல பெக்ஸ்னு, வேணுங்கிறதைப் படத்தைக் குடுத்துக் கேக்கப் பழக்குற ஒரு படப் பரிமாற்ற முறை இருக்குல்ல, அதோட முதல் கட்டத்துக்கு ரெண்டு பெரியவங்க வேணும், ஒருத்தர் பிள்ளைக்கு முன்னாடி, இன்னொருத்தர் பின்னாடி உக்காந்து கையைப் பிடிச்சு படத்தை எடுத்துக் குடுக்க உதவணும், ஆனா வாயைத் திறந்து "எடு, குடு"ன்னு சொல்லிடக் கூடாது. படிக்க சுலபமா இருக்கும், செய்யும்போது வாய் தானா வந்துடும், பக்கத்துல ஒருத்தர் இருந்து திருத்தினா தான் சரியாகும்.

இன்க்ளூசிவ் பக்கம் கேள்வியே வேற. பிள்ளைகிட்ட என்ன குறைன்னு பாக்காம வகுப்புல எது தடையா இருக்குன்னு பாக்கச் சொல்லும். பிரிட்டன்ல 1978 வார்னாக் அறிக்கை குறைபாட்டுப் பட்டியலை விட்டுட்டு கல்வித் தேவையைப் பாருங்கன்னு சொன்னது, எல்லாப் பிள்ளைகளையும் சாதாரண ஸ்கூல்லயே சேக்கணும்னு சொன்ன 1994 சலமாங்கா பிரகடனத்துல 92 நாட்டு அரசுகள் கலந்துகிட்டது, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐநா உடன்படிக்கையில கல்வி பத்தின 24ஆவது பிரிவு, இதெல்லாம் கட்டாயம் வரும். யூடிஎல் (எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவர்ற மாதிரி பாடத்தை ஆரம்பத்துலயே வடிவமைக்கிறது), ரெண்டு ஆசிரியர் சேர்ந்து ஒரே வகுப்பு எடுக்கறது, பரீட்சை முறையை மாத்துறதுன்னு நீளும். இது ரொம்ப தேவையான பார்வைங்க, ஏன்னா நிஜத்துல பிள்ளைங்க ஒரே ஒரு லேபிளோட வர்றதில்ல, டிஸ்லெக்சியாவும் (வாசிக்கறதுல சிரமம்) ஏடிஎச்டியும் (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கறது) ஒண்ணா இருக்கறது சகஜம்.

ரெண்டுலயும் ஓட்டை உண்டு. ஸ்பெஷலைசேஷன் மட்டும் படிச்சவங்க பிள்ளையை தனி ரூமுக்கு கூட்டிட்டுப் போயி நல்லா சொல்லிக் குடுத்துட்டு திரும்பக் கொண்டு வந்து விடுவாங்க, பழைய வகுப்பு அப்படியே இருக்கும். இன்க்ளூசிவ் மட்டும் படிச்சவங்களுக்கு கொள்கை எல்லாம் அத்துப்படி, ஆனா பேச்சே வராத ஒரு பிள்ளை முன்னாடி உக்காந்து காதைப் பொத்திக்கிட்டு அழுதா அடுத்த நிமிஷம் என்ன செய்யணும்னு தெரியாது. எனக்கு இந்த ரெண்டாவது தான் பெரிய கவலை. அந்த நிமிஷத்துல அந்தப் பிள்ளைக்கு நீங்க படிப்புல எழுதின கொள்கைக் கட்டுரையால ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதனால ஏற்கனவே சாதாரண ஸ்கூல்ல சில வருஷம் பாடம் எடுத்தவங்க, ஹெச்எம் மாதிரி பொறுப்புக்குப் போறவங்க இன்க்ளூசிவ் எடுங்க, ஒரு ஸ்கூலையே மாத்துற இடத்துல நீங்க தான் இருப்பீங்க. வகுப்பு அனுபவமே இல்லாம நேரா வர்றவங்க முதல்ல ஒரு குறைபாட்டுல கையை நனைங்க, பொதுப் பார்வையை அப்புறம் சேத்துக்கலாம், தலைகீழா பண்றது கஷ்டம். இன்னொண்ணு, பல நாடுகள்ல சிறப்பாசிரியரா வேலை பாக்க தனி பதிவோ லைசென்ஸோ வேணும், இன்க்ளூசிவ் மாஸ்டர்ஸ் மட்டும் வச்சு அது கிடைக்காம போகலாம், வேலை பாக்கப் போற நாட்டு விதியைப் பாத்துட்டு பீஸ் கட்டுங்க.

ஆன்லைனா நேர்லயான்னு கேட்டா, கொள்கைப் பாடங்களுக்கு ஆன்லைன் தாராளமா போதும், பிராக்டிகத்துக்கு, அதாவது பிள்ளைங்களோட நேர்ல செய்யுற பயிற்சிக்கு, போதாது.

அட்மிஷன் ஆபீஸ்ல ரேங்க் பத்தி கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: பிராக்டிகம் எத்தனை மணி நேரம், எந்த மாதிரி பிள்ளைங்களோட, நான் பாடம் எடுக்கும்போது யார் வந்து உக்காந்து பாப்பாங்க, பாத்துட்டு எழுதிக் குடுப்பாங்களா. "அதை நீங்களே ஒரு ஸ்கூல் பாத்து ஏற்பாடு பண்ணிக்கோங்க"ன்னு பதில் வந்தா அடுத்த காலேஜுக்கு போன் போடுங்க.