கறவை மாடு வாங்க எந்தச் சந்தை: கருங்கல்பாளையமா, கண்ணபுரமா, பழையகோட்டையா?

இந்தத் தை மாதம் எங்கள் கட்டுத்தரைக்கு ஒரு மயிலைப் பசு (சாம்பல் நிறக் காங்கேயம் மாடு) வந்தது. கூடவே இரண்டு மாதக் கிடாரிக் கன்று. வாங்குவதற்கு முன்னால் பத்து நாள் வீட்டில் இதே பேச்சுதான். கருங்கல்பாளையம் போகலாம் என்றார் வீட்டுக்காரர். சித்திரை வரை பொறுத்தால் கண்ணபுரம் தேருக்கே போய்விடலாம் என்றார் மாமா. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி விலைக்கு நிற்கும் மாடுகளைச் செல்போனில் படம் படமாகக் காட்டினான். நான் பழையகோட்டை என்றேன். கடைசியில் அங்கேதான் போனோம். மாடு வாங்க நினைக்கிற நாலு பேருக்கு உதவட்டும் என்று, ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருப்பூர் மாவட்டத்துக் குண்டடம் பக்கம். கொஞ்சம் கிணற்றுப் பாசனம், மீதி கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். வீட்டில் பால் கறப்பது நான். மாட்டுச் சந்தைக்குள் நான் நேரில் நின்று பார்த்தது இரண்டே இடங்களில்தான், பழையகோட்டையிலும் சின்ன வயதில் அப்புச்சியோடு (அம்மாவின் அப்பா) கண்ணபுரத்திலும். மற்றவை பற்றி வீட்டு ஆண்கள் சொன்னதையும், அங்கிருந்து வந்த மாடுகளை வைத்து நான் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கருங்கல்பாளையம். ஈரோட்டில் காவிரிக்கரையை ஒட்டி, வாரந்தோறும் புதனும் வியாழனும் கூடுகிற சந்தை. கேரளா, கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிராவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். ஜெர்சி கலப்பு, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, எருமை, நாட்டு மாடு, கன்று என எது வேண்டுமானாலும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பத்து மாட்டை ஒப்பிட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்றால் இதற்கு இணையான இடம் நம் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. விலையும் அன்றைய நிலவரத்தை ஒட்டித்தான் இருக்கும். இத்தனை வியாபாரிகள் நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் தனியாக ஏற்றிச் சொல்ல முடியாது. தேர்தல் நேரத்தில் மட்டும் யோசித்துப் போங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் வெளி மாநில வியாபாரிகள் வருவது குறைந்து, சந்தையே மந்தமாகிவிடும்.

பொள்ளாச்சி செவ்வாயும் வியாழனும். அங்கே கேரளத்துக்கு அடிமாடு பிடிப்பவர்கள்தான் அதிகம் என்பார்கள். கறவைக்காக நாங்கள் அங்கே போனதில்லை, அதனால் மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

கண்ணபுரம் வேறு உலகம். ஓலப்பாளையத்துக்குப் பக்கத்தில், மாரியம்மன் கோவில் தேரை ஒட்டிச் சித்திரையில் கூடுகிற சந்தை அது. வாரச்சந்தைக்கு வருபவர் விற்றுவிட்டு மதியம் வீடு போய்ச் சேர்வார். கண்ணபுரத்துக்கு வருபவர் மாட்டோடு தங்குவார். நான் அப்புச்சியோடு போனபோது புளிய மரத்தடியில் இரண்டு நாள் இருந்தோம். தண்ணீர்த் தொட்டி, சோளத்தட்டுக் கட்டு, கொம்புக்கு எண்ணெய் தேய்த்த காளைகள், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் கைகள் எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பூச்சிக்காளையோ (இனவிருத்திக் காளை) காளங்கன்று ஜோடியோ வேண்டும் என்றால் காங்கேயம் இனத்தில் இவ்வளவு நல்ல மாடுகளை ஒரே இடத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. வாங்காவிட்டாலும் ஒரு தடவை போய் நிற்க வேண்டிய இடம்.

கறவைப் பசுவுக்கு அது தோதில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் காலம். சித்திரையில் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து கிடக்கும். வாங்கி வந்தவுடன் முழுத் தீவனமும் நாம் சேர்த்து வைத்த சோளத்தட்டுப் போரிலிருந்துதான் போட வேண்டும். போர் நிறையத் தட்டு வைத்திருப்பவருக்குச் சரி. எங்களுக்கு மாசியிலேயே போர் பாதி கரைந்துவிடும்.

செல்போன் வழி வாங்குவது பற்றி ஒரே வரி. எந்த ஊரில் எந்த மாடு விலைக்கு நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அது நல்லது, படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கறவை மாட்டை விலை பேசும் முன் இரண்டு வேளைப் பாலைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடிந்தால் நம் கையாலேயே கறந்து பார்க்க முடியுமா? மற்ற எல்லாவற்றையும் சந்தையிலேயே பார்த்துவிடலாம். பல்லைப் பிடித்து வயது பார்க்கலாம். சுழி பார்க்கலாம், நடை பார்க்கலாம், மடியைத் தடவிப் பார்க்கலாம். பாலை மட்டும் அங்கே பார்க்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வாரச்சந்தையில் வீட்டுக்காரர் கலப்பின மாடு ஒன்றை 38,000 ரூபாய்க்குப் பிடித்து வந்தார். இரண்டாம் ஈத்து (இரண்டாவது முறை ஈன்றது), வேளைக்கு ஆறு லிட்டர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மடி பானை மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்த அன்று இரவு நான் கறந்தேன், ஏழு லிட்டர். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் காலை மூன்றரை. மூன்றாம் நாள் மூன்று. வண்டியில் வந்த அலுப்பு, தண்ணீர் மாற்றம், புது ஆள், இதனாலெல்லாம் ஒரு வாரம் பால் குறைவது சகஜம்தான். அதனால் பொறுத்துப் பார்த்தேன். பதினைந்து நாள் ஆகியும் வேளைக்கு மூன்றைத் தாண்டவில்லை. அதற்குள் பின்பக்கத்து இடது காம்பில் கட்டி விழுந்து மடிநோய் வந்துவிட்டது.

கால்நடை மருந்தகத்து டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் புரிந்தது. சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன் இரண்டு வேளை கறக்காமல் விட்டிருக்கிறார்கள். முதல் நாள் நான் கறந்த ஏழு லிட்டர், சேர்த்து வைத்த பால். அப்படி நிரம்ப விட்ட மடியில் நோய் சீக்கிரம் பிடிக்கும். அந்தக் காம்பு கடைசி வரை சரியாகவில்லை. மருந்து, ஊசி, ஆவின் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியாத நாட்கள் எல்லாம் போக, ஏழு மாதம் கழித்து 19,000 ரூபாய்க்கு விற்றோம். பணத்தைவிட, அந்த மாடு பட்ட வலிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காம்பில் கை வைத்தாலே உடம்பு நடுங்கும் அதற்கு.

விற்றவர் யார் என்று தேடினால் கிடைக்கவில்லை. அவர் வேறு சந்தையில் வாங்கி இங்கே விற்ற வியாபாரி. தரகர் இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார். வியாபாரிகளையோ தரகர்களையோ மொத்தமாகக் குறை சொல்லவில்லை. எங்கள் மாமா வாழ்நாளில் வாங்கிய நல்ல ஜோடிகள் பலவும் தரகர் காட்டியவைதான். ஆனால் மூன்று கை மாறி வந்த மாட்டைப் பற்றி, விற்பவருக்கே உண்மை தெரியாது. எத்தனையாவது ஈத்து, எப்போது ஈன்றது, யார் கறந்தது, கன்று இதனுடையதுதானா, இதெல்லாம் வளர்த்தவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் பழையகோட்டை. காங்கேயம் இனத்தை வளர்த்தெடுத்த பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் ஊர் அது. நத்தக்காடையூர் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும். காங்கேயம் மாடுகள் மட்டும்தான் வரும். கருங்கல்பாளையத்தைப் பார்த்தவருக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் நாங்கள் போன அன்று கயிற்றைப் பிடித்து நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் சுற்று வட்டாரத்தில் அந்த மாட்டை வளர்த்தவர்கள். எந்த ஊருங்க என்று கேட்டால் முத்தூர், வெள்ளகோவில், சிவகிரி என்று பதில் வரும். வண்டியில் அரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊர்கள்.

நாங்கள் பார்த்த மயிலைப் பசுவை முத்தூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் ஈத்து என்றார். பல் பார்த்தார் மாமா, ஆறு பல். கணக்கு ஒத்துவந்தது. கன்று நல்ல செவலையாக இருந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாதத்துக்குள் நிறம் வெளுத்துவிடும். அதனால் மயிலைப் பசுவோடு நிற்கும் கன்றின் நிறத்தைப் பார்த்தாலே ஈன்று எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று ஓரளவு பிடித்துவிடலாம். அப்புறம் மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார், "கன்னுக்குட்டிய அவுத்துவுடச் சொல்லு கண்ணு, நேரா தாய்கிட்டப் போவுதான்னு பாப்போம்." போனது. பசுவும் நக்கிக்கொடுத்தது. கன்றை மாற்றிக் கட்டியிருந்தால் பசு முட்டித் தள்ளும்.

விலை 54,000 ரூபாய் என்று முடிந்ததும் நான் கேட்டேன், "அண்ணா, 2,000 அச்சாரம் வாங்கிக்குங்க. இன்னிக்குச் சாயங்காலமும் நாளைக்குக் காலையிலயும் உங்க வீட்டுக்கு வந்து கறந்து பாத்துட்டு மீதியத் தர்றோம்." அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வாங்க, அதுக்கென்னுங்க" என்றார். கேட்டவுடன் ஒத்துக்கொண்டதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சாயங்காலம் போனபோது அந்த வீட்டு அக்கா கறந்து காட்டினார். கன்றுக்கு விட்டது போக ஒன்றேகால் லிட்டர். மறுநாள் காலை நான் உட்கார்ந்தேன். முதலில் பசு பாலை அடக்கிக்கொண்டது. அந்த அக்கா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். கன்றை ஊட்டவிட்டுப் பிரித்ததும் பால் இறங்கியது, ஒன்றேமுக்கால் லிட்டர். ஆக நாளைக்கு மூன்று லிட்டர். காங்கேயத்துக்கு இது நல்ல கறவை. "ஏனுங்க, கை மாறுனா ரெண்டு மூணு நாளைக்கு ஒதைக்குமுங்க. தவுட்டுல கொஞ்சம் புண்ணாக்குக் கலந்து முன்னால வெச்சுட்டு உக்காருங்க, நின்னுக்கும்" என்றார் அந்த அக்கா. எந்தச் சந்தையிலும் இது எனக்குக் கிடைத்திருக்காது. பசுவின் காதில் மஞ்சள் வில்லை இருந்தது. அதில் உள்ள 12 இலக்க எண்ணை அங்கிருந்தே எங்கள் ஊர் மருந்தகத்துக்கு அனுப்பி, கோமாரித் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். போட்டிருந்தார்கள். மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நாங்கள் கொண்டுபோன புதுக் கயிற்றை மாட்டிக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தோம்.

பழையகோட்டையிலும் குறை உண்டு. ஞாயிறு ஒரு நாள்தான், வருகிற மாடும் குறைவு. பிடித்தது கிடைக்காமல் இரண்டு மூன்று வாரம் வெறும் கையோடு திரும்ப நேரலாம். விலையும் ஐந்தாயிரம் பத்தாயிரம் கூடத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம் மாட்டின் மேல் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. அதோடு, சங்கத்துக்கு ஊற்றி மாதாமாதம் பணம் பார்க்க வேண்டும் என்பவருக்கு மூன்று லிட்டர் மாடு கட்டுப்படியாகாது. அவர்கள் கலப்பினத்துக்குத்தான் போக வேண்டும், அதற்குக் கருங்கல்பாளையம்தான் தோது. அங்கே போனாலும் விற்பவரின் ஊரைக் கேளுங்கள், கட்டுத்தரைக்கு வரலாமா என்று கேளுங்கள். ஒருவர் மறுத்தால் அடுத்த மாட்டைப் பாருங்கள். எருமை, உழவு ஜோடி பற்றி எனக்கு அனுபவம் போதாது.

எங்கே வாங்கினாலும் புது மாட்டை இருபது நாளாவது பழைய மாடுகளோடு சேர்க்காமல் தள்ளிக் கட்டுங்கள். பல ஊர் மாடு கூடுகிற இடத்திலிருந்து என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரியாது. 2022இல் தோல் கழலை நோய் நாடு முழுவதும் பரவியபோது பட்டதை மாடு வைத்திருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

விற்பதாக இருந்தால் நான் சொன்னதைத் திருப்பிப் போடுங்கள். வாங்கும் ஆட்கள் அதிகம் நிற்கும் இடம்தான் விற்பவருக்கு நல்லது. அன்றைக்கே ரொக்கம் கைக்கு வரும். எங்கள் கலப்பினக் கிடாரியைப் போன வருடம் கருங்கல்பாளையத்தில்தான் விற்றோம். ஊரில் கேட்ட விலையைவிட 4,000 கூடக் கிடைத்தது.

மயிலை வந்து இப்போது நாற்பது நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் உதைத்தது. மூன்றாம் நாள் புண்ணாக்கைத் தின்றுகொண்டே நின்றுவிட்டது. பால் முதல் வாரம் இரண்டேகாலுக்கு இறங்கி, இப்போது மூன்றுக்கு வந்து நிற்கிறது. முத்தூர் அக்கா வாரம் ஒரு தடவை போன் செய்து கன்று எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பசு சினைப் பருவத்துக்கு வந்தால் அவர்கள் ஊர்ப் பூச்சிக்காளைக்கே ஓட்டிவரச் சொல்லியிருக்கிறார். கிடாரியை எப்போதாவது விற்பதாக இருந்தால் முதலில் தனக்குச் சொல்லவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.