படை, நடுவர், வீட்டுக் காசு: இலங்கையில் எது அமைதிக்கு உதவியது?

மதுரை ஆனையூர் இலங்கை அகதி முகாமில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர் இருக்கிறார். 1990-ல் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவர். ஊரில் இருக்கும் நிலத்தின் காணி உறுதியை (பத்திரத்தை) பாலிதீன் பையில் சுற்றி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து தேய்ந்துவிட்டது. வெளியுறவுக் கொள்கை என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்தக் காகிதம்தான் ஞாபகம் வரும். அதை எடுத்துக்கொண்டு அவர் பயமில்லாமல் ஊர் திரும்ப முடியுமா? என் அளவுகோல் அவ்வளவுதான்.

இலங்கையில் அமைதிக்காக மூன்று வழிகளை முயன்று பார்த்தார்கள். முதல் வழி படை. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஆயுதத்தைக் கீழே வைக்கவேண்டிய புலிகள் அதில் கையெழுத்துப் போடவில்லை. பிரச்சினைக்காரன் ஒத்துக்கொள்ளாத தீர்ப்பு நம் ஊர்ப் பஞ்சாயத்திலேயே நிற்காது. அக்டோபரில், ஒப்பந்தத்தைக் காக்கப் போன இந்திய அமைதிப்படையே புலிகளோடு சண்டையில் இறங்கியது. அந்த வருடத் தீபாவளியன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே அதை யாரும் மறக்கவில்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது நாமும் ஏறக்குறைய 1,200 வீரர்களைப் பறிகொடுத்திருந்தோம். மிஞ்சியது இலங்கை அரசியலமைப்பின் 13-வது திருத்தமும் அது தந்த மாகாண சபையும். அரைகுறைதான். ஆனாலும் தமிழர் கையில் சட்டப்படி இருக்கும் பிடி அது ஒன்றே.

அடுத்தது நார்வேயின் நடுவர் வழி. 2002 பிப்ரவரி போர்நிறுத்தத்தில் அரசும் புலிகளும் கையெழுத்திட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலை திறந்தது, பிரிந்துகிடந்த குடும்பங்கள் முகம் பார்த்துக்கொண்டன. படையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கண்காணிப்புக் குழுவால் மீறல்களைப் பதிவு செய்யத்தான் முடிந்தது, தடுக்க முடியவில்லை. கிழக்கு முஸ்லிம்களுக்குப் பேச்சு மேசையில் தனித் தரப்பாக இடமும் இல்லை. 2008 ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்தது. 2009 மே வரை நடந்ததை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. போருக்குப் பிறகு இந்தியா அறிவித்த 50,000 வீடுகள்: வடக்கு, கிழக்கில் 46,000, மலையகத்தில் 4,000. வடக்கு, கிழக்கில் புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். காண்டிராக்டரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல், பெரும்பாலும் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே வேலை நடக்க நடக்கத் தவணையாகப் போட்டார்கள். கொத்தனாரை அவரே பிடித்தார், வாசல் எந்தப் பக்கம் என்பதையும் அவரே முடிவு செய்தார். முதல் இரண்டு வழியிலும் அந்தச் சனங்களுக்காக வேறு யாரோ முடிவெடுத்தார்கள். இதில் அவர்களே எடுத்தார்கள். அதனால்தான் மூன்றில் இதை முதலில் வைக்கிறேன்.

இதிலும் இரண்டு ஓட்டை உண்டு. வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, அரசியல் தீர்வை அழுத்திக் கேட்பதில் டெல்லி தளர்ந்துவிட்டது. வடக்கு மாகாண சபைக்கு 2013-ல் நடந்ததுதான் ஒரே தேர்தல். 2018-ல் அதன் காலம் முடிந்து சபை கலைந்தது. வீட்டுக் காசு பற்றிய ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் அந்தத் தேர்தலையும் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று, நம் முகாம்களில் இருப்பவர்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். திரும்புகிறவருக்கு இங்கிருந்து கிளம்பும்போதே காணியும் வீட்டுத் தவணையும் உறுதியாகியிருக்க வேண்டும். இங்கேயே இருக்க நினைப்பவருக்குக் குடியுரிமை வேண்டும். எது வேண்டும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

போன மாதம் அக்காவிடம் அந்த வீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "ஊரில இருந்திருந்தா எங்கட பேரும் பட்டியல்ல வந்திருக்கும் தம்பி," என்றார். பிறகு உறுதியை எடுத்து, தேய்ந்துபோன இடத்தில் விரலை வைத்து, காணியின் நான்கு எல்லையையும் பார்க்காமலே சொன்னார்.